தொலைவில் பிரிந்திருக்கும் அஜைல் குழுக்கள் பயனர் கதையை எப்படி எழுத வேண்டும்?

மென்பொருளைச் சிறு சிறு கட்டங்களாக உருவாக்கித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையைப் பின்பற்றும் குழுக்களில் "ஸ்டோரி (பயனர் கதை) சரியாக எழுதப்படவில்லை" என்ற குறை அடிக்கடி எழுகிறது. குழு இரண்டு மூன்று நாடுகளில் பிரிந்திருந்தால் சில வாரங்கள் நீளும் வேலைச் சுற்றான ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் அதைக் கேட்கலாம். எதை உருவாக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் புராடக்ட் ஓனரைக் கேட்டால் தேவையானதை எழுதிவிட்டதாகச் சொல்வார். நிரல் எழுதும் டெவலப்பரைக் கேட்டால், கதை பதிவாகியிருக்கும் டிக்கெட்டில் ஒன்றுமே இல்லை என்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். பயனர் கதை என்ற வடிவம் எதற்காக உருவானது, தூரம் அதில் எதைக் குலைக்கிறது, குலைந்ததை எழுத்தால் எந்த அளவுக்கு ஈடுசெய்ய முடியும் என்று வரிசையாகப் பார்த்தால்தான் இந்த முரண்பாடு விளங்கும்.

கதை ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது?

மென்பொருளால் யாருக்கு என்ன பயன் கிடைக்க வேண்டும் என்பதைப் பயனரின் பக்கத்தில் நின்று சொல்லும் சிறு குறிப்பே பயனர் கதை. 1990களின் பிற்பகுதியில், கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் திட்டத்தில் மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் பணியாற்றிய காலத்தில் உருப்பெற்ற எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற அஜைல் முறையோடு சேர்ந்து இது பரவியது. அன்று கதைகள் காகித அட்டைகளில் கையால் எழுதப்பட்டன. அட்டையில் இடம் குறைவு என்பது குறையாகக் கருதப்படவில்லை. விவரம் முழுவதும் அதில் அடங்கிவிடக் கூடாது என்பதே எண்ணம். வாடிக்கையாளரின் பிரதிநிதி குழுவோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே முறையின் வழக்கங்களில் ஒன்றாக இருந்ததால், அட்டையில் இல்லாததை எழுந்து போய்க் கேட்டுவிட முடிந்தது.

இந்த அமைப்பை 2001இல், எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் மூன்று பகுதிகளாக விளக்கினார்:

1. அட்டை: பேச வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதை நினைவூட்டும் குறிப்பு.
2. உரையாடல்: தேவை உண்மையில் தெளிவாகும் இடம்.
3. உறுதிப்பாடு: பேசி முடிவானது நிறைவேறியதா என்று காட்டும் சோதனைகள். இன்று குழுக்கள் "அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா" என்று சொல்லும் ஏற்பு நிபந்தனைகள் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை.

"இன்னாராக, எனக்கு இது வேண்டும், இதற்காக" என்ற பழகிய வாய்ப்பாடு லண்டனில் இயங்கிய கனெக்ஸ்ட்ரா நிறுவனத்தில் ஏறத்தாழ அதே காலத்தில் உருவானது. நல்ல கதைக்குரிய ஆறு தன்மைகளை, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, மென்பொருள் வல்லுநர் பில் வேக் 2003இல் "இன்வெஸ்ட்" என்ற பெயரில் தொகுத்தார். தனித்து நிற்பது, பேசித் திருத்த இடம் தருவது, பயன் உள்ளது, மதிப்பிடத் தக்கது, சிறியது, சோதிக்கத் தக்கது என்பன அவை.

இவற்றில் எதுவும், அஜைல் குழுக்கள் பரவலாகப் பின்பற்றும் ஸ்கிரம் என்ற பணிமுறையின் விதியன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020ஆம் ஆண்டின் ஸ்கிரம் வழிகாட்டியில் பயனர் கதை என்ற சொல்லே கிடையாது. பேக்லாக் எனப்படும் வேலைப் பட்டியலில் உள்ளவை பொதுவாக "உருப்படிகள்" என்றுதான் குறிக்கப்படுகின்றன. எனவே வாய்ப்பாட்டில் ஒரு சொல் தவறினால் கதையைத் திருப்பி அனுப்பும் குழுக்கள் எந்த நூலின் கட்டளையையும் காப்பாற்றவில்லை.

தூரம் எதைக் குலைக்கிறது?

மூன்று பகுதிகளில் அட்டைக்குத் தூரத்தால் ஆபத்து இல்லை. காகிதம் போய் டிக்கெட் வந்தது, அவ்வளவுதான். அடிபடுவது உரையாடல். 2001இல் வெளியான அஜைல் பிரகடனத்தின் பின்னுள்ள கொள்கைகளில் ஒன்று, தகவலைக் கடத்த நேருக்கு நேர் பேசுவதே மிகத் திறமையான வழி என்கிறது. பயனர் கதை அந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. அந்த அடித்தளத்தை எடுத்துவிட்டு, மேலே உள்ள ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டுதான் பல குழுக்கள் தடுமாறுகின்றன.

இழப்பு எவ்வளவு என்பதை ஒரு எளிய கணக்கால் காணலாம். டெவலப்பர் இருக்கும் இடத்தின் கடிகாரம், புராடக்ட் ஓனருடையதைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தத்தம் இடத்தில் காலை 9 முதல் மாலை 6 வரை வேலை செய்கிறார்கள்.

1. டெவலப்பர் காலை 11 மணிக்கு ஒரு கேள்வியை டிக்கெட்டில் எழுதுகிறார். புராடக்ட் ஓனருக்கு அப்போது நள்ளிரவு 12:30.
2. புராடக்ட் ஓனர் காலை 9 மணிக்கு வந்தவுடன் பதில் எழுதுகிறார். டெவலப்பருக்கு அப்போது மாலை 7:30, அவர் கிளம்பிவிட்டார்.
3. மறுநாள் காலை 9 மணிக்கு டெவலப்பர் பதிலைப் படிக்கிறார். ஒரு கேள்விக்கு 22 மணி நேரம் போயிற்று. புராடக்ட் ஓனர் அசட்டையாக இருந்துவிடவில்லை, அலுவலகம் வந்ததும் செய்த முதல் வேலையே அந்தப் பதில் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு பதில் அடுத்த கேள்வியைக் கிளப்பும் விதத்தில் ஐந்து கேள்விகள் சங்கிலியாக வந்தால் ஐந்து வேலை நாள்கள் ஆகின்றன. இரண்டு வார ஸ்பிரின்ட்டில் அது சரிபாதி. வெள்ளிக்கிழமை கேட்ட கேள்விக்குத் திங்கட்கிழமைதான் பதில் கிடைக்கும். நடைமுறையில் யாரும் ஐந்து நாள் காத்திருப்பதில்லை என்பதுதான் இன்னும் பெரிய சிக்கல். இரண்டாவது கேள்வியோடு டெவலப்பர் கேட்பதை நிறுத்திவிட்டு ஊகிக்கத் தொடங்குகிறார். ஊகம் தவறு என்பது ஸ்பிரின்ட் இறுதியில், செய்து முடித்ததைக் காட்டும் கூட்டத்தில் தெரியவருகிறது.

இந்தத் தாமதம் ஆய்விலும் பதிவாகியிருக்கிறது. ஜேம்ஸ் ஹெர்ப்ஸ்லெப், ஆட்ரிஸ் மாக்கஸ் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, பல இடங்களில் பிரிந்து செய்யப்படும் வேலை, அதே போன்ற வேலை ஒரே இடத்தில் நடக்கும்போது ஆவதைவிடச் சுமார் இரண்டரை மடங்கு காலம் எடுப்பதாகக் கண்டது. பிரிந்த வேலையில் கூடுதல் ஆட்கள் ஈடுபட வேண்டியிருப்பதை அத்தாமதத்தோடு தொடர்புடைய முக்கியக் காரணியாக அவர்கள் சுட்டினார்கள். இன்று வீடியோ அழைப்பு எளிதாகிவிட்டது என்பது உண்மையே. ஆனால் உறங்குபவரை எந்த வீடியோ அழைப்பும் இணைத்துவிடாது.

அப்படியானால் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா?

குழுக்கள் இங்கே வழக்கமாக இரண்டு பக்கமும் சறுக்குகின்றன. சில குழுக்கள் "அஜைல் என்றால் ஆவணம் வேண்டாம்" என்று ஒற்றை வரியோடு நிற்கின்றன. அதில் ஒரு முறை சூடுபட்ட குழுக்கள், திரை அமைப்பு, பட்டனின் நிறம், தரவுத்தளத்தின் நெடுவரிசை வரை எழுதிய பத்துப் பக்க ஆவணத்தை டிக்கெட்டில் ஒட்டிவிட்டு அதையும் கதை என்கின்றன.

இரண்டாவது தவறு முதலாவதைவிட மோசமானது என்பது என் கருத்து. ஒற்றை வரியைப் படிப்பவருக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது தெரியும். பத்துப் பக்கத்தைப் படிப்பவர் எல்லாம் தெரிந்துவிட்டதாக நம்பி, கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார். அப்பக்கங்கள் எப்படிச் செய்வது என்பதால் நிறைந்திருக்கும். ஏன் செய்கிறோம் என்பது அவற்றில் பெரும்பாலும் இராது.

ஒரே அறையில் நடந்திருக்கக்கூடிய பேச்சில் எவை முடிவாகியிருக்குமோ, அவைதான் எழுத்துக்கு வர வேண்டும். காரணம், எடுத்துக்காட்டு, எல்லை, இன்னும் முடிவாகாதது ஆகிய நான்கும் அத்தகையவை. இவை ஒரு பக்கத்துக்கு மேல் போவது அரிது.

ஒரு கதையை அருகிலிருந்து பார்ப்போம்

மருத்துவமனையின் இணைய முன்பதிவுக்கு இப்படி ஒரு கதை வந்திருக்கிறது:

"நோயாளியாக, என் சந்திப்பு நேரத்தை மாற்ற விரும்புகிறேன், எனக்கு வசதியான நேரத்தில் வருவதற்காக. ஏற்பு நிபந்தனைகள்: 24 மணி நேரத்துக்கு முன்பு வரை மாற்றலாம். மற்ற நேரங்களில் பிழைச் செய்தி காட்ட வேண்டும். மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்."

படித்தவுடன் குறையொன்றும் தெரியாது. வாய்ப்பாடு சரி, நிபந்தனைகளும் உள்ளன. வேலையைத் தொடங்கிய பிறகே கேள்விகள் எழுகின்றன.

1. சந்திப்பு நாளை காலை 10 மணிக்கு. நோயாளி இன்று காலை 10:30க்கு மாற்ற முயல்கிறார். இடைவெளி 23 மணி 30 நிமிடம்தான். எழுத்தின்படி மறுக்க வேண்டும். "ஒரு நாள் முன்பு வரை" என்ற பொருளில்தான் புராடக்ட் ஓனர் எழுதினார் என்றால் ஏற்க வேண்டும்.
2. யாருடைய கடிகாரம்? சர்வர் ஒரு நேர மண்டலத்தில், மருத்துவமனை வேறொன்றில், பயணத்தில் இருக்கும் நோயாளி மூன்றாவதில்.
3. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தும் நாடுகளில், அந்த இரவைத் தாண்டினால் காலை 10 முதல் மறுநாள் காலை 10 வரை 23 மணி நேரமே இருக்கும். டெவலப்பர் 24 மணி நேரத்தைக் கழித்தால் முந்தைய நாள் காலை 9 மணி வரும். ஒரு நாளைக் கழித்தால் 10 மணி வரும்.
4. புதிய நேரத்தைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்யும் கணத்தில் இன்னொருவர் அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பழைய நேரமும் விடுபட்டிருந்தால் நோயாளிக்கு இரண்டும் இல்லை. இக்கதையில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். அதைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை.
5. 24 மணி நேரம் என்பது ஏன்?

ஐந்தாவது கேள்விதான் மற்றவற்றைத் தீர்க்கிறது. மருத்துவர்களின் மறுநாள் பட்டியல் முந்தைய நாள் மாலை 6 மணிக்கு முடிவாகிறது, அதன் பின் வரும் மாற்றங்களை வரவேற்பில் இருப்பவர் கையால் திருத்த வேண்டியிருக்கிறது என்பது பதிலானால், உண்மையான விதி 24 மணி நேரமே இல்லை. காலை 10 மணி நோயாளிக்கு 16 மணி நேரமும், மாலை 4 மணி நோயாளிக்கு 22 மணி நேரமும் முன்பாகக் கதவு மூடுகிறது. யாரோ ஒருவர் முழு எண்ணாக இருக்கட்டும் என்று எழுதிய "24" தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். காரணத்தைச் சேர்த்து எழுதினால் கதை இப்படி அமையும்:

"முன்பதிவு செய்த நோயாளியாக, வர இயலாத சந்திப்பை வேறு நேரத்துக்கு நானே மாற்றிக்கொள்ள வேண்டும், தொலைபேசியில் காத்திருக்காமல் இருக்கவும் நான் விட்ட நேரம் இன்னொருவருக்குப் பயன்படவும்.

பின்புலம்: மறுநாள் பட்டியல் மாலை 18:00 மணிக்கு முடிவாகிறது.

விதி: சந்திப்புக்கு முந்தைய நாள் 18:00 மணிக்கு முன் மாற்றலாம். மருத்துவமனை இருக்கும் இடத்தின் நேரமே கணக்கு.

எடுத்துக்காட்டு 1: சந்திப்பு 2025-04-03, 10:00. மாற்ற முயல்வது 2025-04-02, 17:59. ஏற்கப்படுகிறது.

எடுத்துக்காட்டு 2: அதே சந்திப்பு, முயல்வது 18:00. மறுக்கப்படுகிறது, வரவேற்பின் தொலைபேசி எண் திரையில் வருகிறது.

எடுத்துக்காட்டு 3: நோயாளி இருக்கும் இடத்தில் 21:00, மருத்துவமனையில் 16:00. ஏற்கப்படுகிறது, திரையில் காட்டுவது மருத்துவமனை நேரம்.

எடுத்துக்காட்டு 4: உறுதிசெய்யும் கணத்தில் புதிய நேரத்தை வேறொருவர் எடுத்துவிட்டார். பழைய சந்திப்பு அப்படியே நிற்கிறது.

இதில் சேராதவை: ரத்து, வேறு மருத்துவருக்கு மாறுதல், கட்டணத் திருத்தம்.

முடிவாகாதது: எத்தனை முறை மாற்றலாம்? முடிவு வரும் வரை வரம்பில்லை என்று கொள்க. முடிவெடுப்பவர் புராடக்ட் ஓனர்."

திரையின் அமைப்பு, தரவுத்தளம், பயன்படுத்த வேண்டிய தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பற்றி இதில் எதுவும் இல்லை. பேசித் திருத்த வேண்டிய இடங்கள் திறந்தே இருக்கின்றன. காத்திருக்க வைக்கும் இடங்கள் மட்டும் அடைக்கப்பட்டிருக்கின்றன.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை

1. விதியோடு எண்களால் ஆன எடுத்துக்காட்டும் வேண்டும். எல்லையின் இரு பக்கமும், மேலே 17:59, 18:00 போல, ஒவ்வொன்று இருந்தால் "வரை", "முன்", "உள்ளாக" ஆகிய சொற்களின் மேல் வரும் வாதம் எழாது. "இந்நிலையில், இது நடந்தால், இது விளைய வேண்டும்" என்ற மூன்றடுக்கு அமைப்பில் எழுதினால் அதையே தானியங்கிச் சோதனையாகவும் மாற்றலாம். அத்தகைய சோதனைகளை இயக்கும் கியூகம்பர் என்ற கருவி பயன்படுத்தும் கெர்கின் மொழிக்கு 70க்கும் மேற்பட்ட மனித மொழிகளில் குறிச்சொற்கள் உள்ளன, தமிழிலும் உண்டு. ஆயினும் எல்லாக் கதைகளையும் அச்சில் வார்க்க வேண்டியதில்லை. சிறு கதைக்கு இரண்டு வரி எடுத்துக்காட்டே போதும்.

2. தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுத வேண்டும். 03/04/2025 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 3, இன்னொருவருக்கு மார்ச் 4. இதற்கான ஐஎஸ்ஓ 8601 தரநிலை 1988 முதல் இருக்கிறது. 1.500 என்பதும் ஜெர்மானிய வழக்கில் ஆயிரத்து ஐந்நூறு, ஆங்கில வழக்கில் ஒன்றரை.

3. கட்டாயம் எது, விருப்பம் எது என்பதை வினைச்சொல்லே காட்ட வேண்டும். இணையத் தரநிலைகளை எழுதுவோர் கட்டாயம், பரிந்துரை, அனுமதி ஆகிய மூன்றையும் பிரித்துக்காட்டும் சொற்களை 1997இல் ஆர்எஃப்சி 2119 ஆவணத்தில் வரையறுத்தார்கள். கதை எழுதுவோரும் "வேண்டும்", "நல்லது", "செய்யலாம்" என்பவற்றை இந்த மூன்று பொருளில் மட்டும் ஆண்டால், தாய்மொழி வேறுபட்ட வாசகருக்கும் ஐயம் வராது. "முடிந்தால் பார்க்கவும்" என்ற தொடரை டிக்கெட்டில் எழுதக் கூடாது. ஒருவர் அதைப் பணிவான கட்டளையாகப் படிப்பார். மற்றவர் விட்டுவிடச் சொன்னதாகப் படிப்பார்.

4. முடிவாகாத கேள்விக்குத் தற்காலிக விடையையும் சேர்த்தே எழுத வேண்டும். பலரும் கவனிக்காத இதுவே காத்திருப்பை மிகுதியாகக் குறைக்கிறது. "வரம்பு எவ்வளவு?" என்று மட்டும் இருந்தால் வேலை நிற்கிறது. "முடிவு வரும் வரை வரம்பில்லை" என்று இருந்தால் வேலை ஓடுகிறது. ஊகமும் ஒருவர் மனத்தில் மறைந்திராமல் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

5. "பயனராக" என்று தொடங்கும் கதையை ஐயத்தோடு பார்க்க வேண்டும். முதல் முறை வரும் நோயாளி, பெற்றோருக்காகப் பதிவு செய்யும் மகள், வரவேற்பாளர் ஆகிய மூவரும் பயனர்களே. மூவருக்கும் தேவை வேறு.

கதையை எங்கே வெட்டுவது?

பெரிய கதையைச் சிறு கதைகளாகப் பிரிக்கையில், பயனர் தொட்டுப் பார்க்கும்படியான ஒரு சிறு பயன் ஒவ்வொரு துண்டிலும் முழுமையாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. பிரிந்த குழுக்களில் இது கட்டாயம் என்றே சொல்லலாம். திரை ஓரிடத்தில், சர்வர் நிரல் வேறிடத்தில், சோதனை மூன்றாம் இடத்தில் என்று வெட்டினால், ஒவ்வொரு கதையும் முடிய இரண்டு எல்லைகளைத் தாண்ட வேண்டும். மேலே கண்ட 22 மணி நேரக் கணக்கு ஒவ்வொரு எல்லையிலும் மறுபடி ஓடும்.

ஓர் அமைப்பு உருவாக்கும் வடிவமைப்பு அந்த அமைப்பின் தகவல் தொடர்பு முறையையே நகலெடுக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதியது இங்கே நேராகப் பொருந்துகிறது. திரைக் குழுவும் சர்வர் குழுவும் வேறு நாடுகளில் இருந்தால் கதைகளும் தாமாகவே திரைக் கதை, சர்வர் கதை என்று பிளவுபடும். எழுதுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் இதைச் சொற்களால் மட்டும் சரிசெய்ய முடியாது. ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை முடிக்கத் தேவையான ஆட்கள் ஒரே நேர மண்டலத்தில், அல்லது நாலைந்து மணி நேரமாவது ஒன்றாக விழித்திருக்கும் இடங்களில் இருக்கும்படி நிர்வாகம் குழுவை அமைக்க வேண்டும். அது இயலாத இடத்தில், இரு தளங்களுக்கும் இடையிலான தரவு வடிவத்தை மாதிரித் தரவோடு முதலில் உறுதிசெய்து கதையில் இணைத்துவிட்டால், இரு பக்கமும் ஒன்றுக்கொன்று காத்திராமல் வேலை செய்யலாம்.

உரையாடலுக்கு மிஞ்சும் நேரம்

எழுத்து எவ்வளவு நன்றாக அமைந்தாலும் பேச்சு தேவைப்படும். இரு பக்கமும் விழித்திருக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணிதான் என்றால், அதை நிலவர அறிக்கை வாசிப்பதில் செலவழிப்பது வீண். நேற்று என்ன செய்தேன் என்பதை எழுதி அனுப்பிவிடலாம். அடுத்த ஸ்பிரின்ட்டின் கதைகளை உரசிப் பார்க்கத்தான் அந்த நேரம் வேண்டும்.

இதற்கு மேட் வின் அறிமுகப்படுத்திய எடுத்துக்காட்டு வரைபட முறை தொலைவிலும் நன்றாக வேலை செய்கிறது. புராடக்ட் ஓனர், டெவலப்பர், டெஸ்டர் மூவரும் சுமார் 25 நிமிடம் அமர்கிறார்கள். மஞ்சள் அட்டையில் கதை, நீலத்தில் விதிகள், பச்சையில் ஒவ்வொரு விதிக்கும் எடுத்துக்காட்டுகள், சிவப்பில் விடை தெரியாத கேள்விகள். பகிரப்பட்ட வெண்பலகை மென்பொருள் எதிலும் இதைச் செய்யலாம். சிவப்பு மிகுந்தால் கதை ஸ்பிரின்ட்டுக்குத் தயாரில்லை; நீலம் மிகுந்தால் கதை பெரிது, வெட்ட வேண்டும். கூட்டம் முடிந்ததும் பச்சை அட்டைகளை டிக்கெட்டுக்கு மாற்றுவது டெவலப்பரின் வேலையாக இருப்பது நல்லது. புரிந்துகொண்டவரே தம் சொற்களில் எழுதும்போது, புரியாத இடம் புராடக்ட் ஓனருக்குக் காலையிலேயே தெரிந்துவிடும்.

முடிவுகள் எங்கே பதிவாகின்றன என்பதிலும் கண்டிப்பு வேண்டும். சாட்டில் இருவர் பேசி முடித்தது டிக்கெட்டுக்கு வராவிட்டால், அப்போது உறங்கிக்கொண்டிருந்த மூன்றாமவருக்கு அந்த முடிவு நடக்கவே இல்லை. டிக்கெட்டின் கீழே நாற்பதாவது கருத்தாக அது புதைந்திருப்பதும் ஏறக்குறைய அதே நிலைதான். கதையின் உடலைத் திருத்தி, மேலே தேதியோடு "எடுத்துக்காட்டு 2 மாறியது" என்று ஒரு வரி சேர்ப்பதே சரி. ஸ்பிரின்ட் நடுவில் சத்தமில்லாமல் திருத்தப்படும் கதை, திருத்தப்படாத கதையைவிட அதிகக் கேடு செய்யும்.

ஒரே கேள்வி கதைக்குக் கதை திரும்பி வருகிறதா என்பதையும் மாதம் ஒரு முறை பார்க்கலாம். எந்த நேர மண்டலம், பிழைச் செய்தியின் நடை என்ன, எந்த உலாவிகளில் இயங்க வேண்டும் போன்றவை அப்படி வருபவை. அவற்றைக் கதையிலிருந்து எடுத்துக் குழுவின் பொது உடன்பாட்டு ஆவணத்திலோ, "முடிந்தது" என்பதற்கான வரையறையிலோ ஒரே முறை எழுதிவிட வேண்டும். அதன் பிறகு மேலே கண்ட முன்பதிவுக் கதையில் "மருத்துவமனை இருக்கும் இடத்தின் நேரமே கணக்கு" என்ற வரி கூடத் தேவைப்படாது. 18:00 மணி விதியும் அதன் காரணமும் நான்கு எடுத்துக்காட்டுகளும் இருந்தால் போதும்.